அழுதா கண்ணீர் வராத பிள்ளை

வாடிப்பட்டி அம்மா:
எங்க மாமியா செத்த அன்னைக்கு, நாலு வயசு மக பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு "அப்பத்தா, அப்பத்தா"ன்னு கதறுறா. பெரிய மதினி அவ கன்னத்தைத் தடவிப் பாத்துட்டு, "கள்ள அழுகைடி, சொட்டுத் தண்ணி இல்ல"ன்னாங்க. நானும் சேந்து வஞ்சேன்.

பொறந்ததுல இருந்தே அப்படித்தான். கண்ணு செவக்கும், பீளை கட்டும், கண்ணீர் விழாது. கண்ணு காஞ்சிருக்குன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க, அதோட விட்டுட்டோம். சோத்தை முழுங்க முடியாம கக்குவா, அடம்னு நெனச்சோம். விரல் கணுவும் ஈறும் கறுத்துச்சு, வெயில்ல ஆடுறான்னோம். ஆறு வயசுல ஒரு காச்சல். விடியக்காலையில எழுப்புனா எந்திரிக்கல, வலிப்பு. சுகர் 32-க்கு எறங்கிருச்சு. மதுரையில ஒரு டாக்டரம்மா ஈறை விலக்கிப் பாத்துட்டு மொதல்ல கேட்டது, "இவ அழுதா கண்ணீர் வருமா?"

ட்ரிபிள் ஏன்னு பேரு. கண்ணீர் வராது, உணவுக்குழாய் சோத்தை எறக்காது, சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரீனல் சுரப்பி சுரக்காது, மூணும் ஒரே வியாதி. ஆறு வருஷமா எங்க கண்ணு முன்னாடியே இருந்துருக்கு.

உசிலம்பட்டிக்காரன்:
என் மகனுக்கு மூணு வருஷம் வலிப்பு மாத்திரை குடுத்தோம். கால்சியம் பாக்கணும்னு யாருக்கும் தோணல. அப்பப்ப மணிக்கட்டு மடங்கி, விரலெல்லாம் குவிஞ்சு, கோலப்பொடி அள்ளுற மாதிரி கை நின்னுரும். பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறும் கட்டுனோம். கடைசியா பாத்த டாக்டரு, பிரஷர் பாக்குற பட்டையைக் கையில சுத்திக் காத்தடிச்சு அப்படியே வச்சிருந்தாரு. மூணு நிமிஷம் ஆகல, அந்தக் கை எங்க முன்னாடியே கோலப்பொடி அள்ளுச்சு. என் சம்சாரம் "இதான் சார், இதேதான்"னு கத்திட்டா. கால்சியம் 5.4-க்கு எறங்கியிருந்துச்சு. கழுத்துல இருந்து கால்சியத்தைக் கவனிக்கிற பாராதைராய்டு சுரப்பி வேலை செய்யல. இப்ப கால்சியமும், கால்சிட்ரியால்ங்குற வைட்டமின் டி மருந்தும்தான், வலிப்பு மாத்திரை இல்ல.

திருநகர் தாத்தா:
கயிறு கட்டுனதெல்லாம் இங்க எழுதாதீங்க தம்பி, நாலு பேரு அதையே செய்வான். என் பேத்திக்கு சிஏஹெச், பொறப்புலயே அட்ரீனல் சரியா சுரக்காத வியாதி. பொறந்த 12-ஆம் நாள் ஓயாத வாந்தி, ரத்தத்துல சோடியம் 118-க்கு எறங்கிருச்சு, பொழச்சுக்கிட்டா.

வாடிப்பட்டி அம்மாவுக்குச் சொல்றேன். அட்ரீனல் சுரக்கலைன்னா மூளைக்கடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டுற ஏசிடிஹெச்ங்குற ஹார்மோனை அதிகமா விடும், அதுலதான் தோல் கறுக்குது, வெயில் இல்ல. காச்சல் வந்தா, அட்ரீனல் சுரக்காததை ஈடுகட்டுற ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை டாக்டர் சொன்னபடி ரெண்டு மூணு மடங்காக் குடுக்கணும். வாந்தி எடுத்தா மாத்திரை நிக்காது, ஊசிதான். நல்லா இருக்கான்னு ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வியாதி பேரும் மருந்தும் எழுதுன அட்டை பள்ளிக்கூடப் பையில இருக்கணும். டீச்சருக்கும் தெரியணும். அப்புறம், சொந்தத்துல கட்டுனீங்களா? தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இந்த வியாதியோட பழுதான மரபணு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. அடுத்த பிள்ளைக்கு முன்னாடி டெஸ்ட் எடுங்க.

உசிலம்பட்டிக்காரன்:
மூணு வருஷம் காரணம் தெரியாம அலைஞ்சவன் எதைத்தான் விடுவான் அய்யா? கயிறும் கட்டுனேன், மாத்திரையும் விடாமக் குடுத்தேன்.

வாடிப்பட்டி அம்மா:
தாய்மாமன் மகனைத்தான் கட்டுனேன் அய்யா. ஊசி ஃப்ரிட்ஜ் மேல டப்பாவுல இருக்கு, அட்டையும் பையில இருக்கு. நான் எழுத வந்தது அதுக்கில்ல. மருந்துல கறுப்பு கொறஞ்சிருச்சு, தெம்பா ஓடுறா, கண்ணீர் மட்டும் வரல, வராதுன்னுட்டாங்க. இப்பவும் அவ அழுதா என் கை தானா முந்தானையை எடுத்துக் கன்னத்தைத் தொடைக்குது. "எதுக்கும்மா தொடைக்கிற, ஈரமே இல்லையே"ங்குறா.