ஐனு-எ: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக் கண்காட்சிக்காக 20 படங்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பழங்குடிகளான ஐனு மக்களை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானிய ஓவியர்கள் வரைந்தவை. ஜப்பானியத்தில் இவற்றுக்கு 'ஐனு-எ' என்று பெயர், எ என்றால் படம். அப்படியே எழுதினால் ஏதோ எழுத்து விட்டுப்போன மாதிரி இருக்கிறது. 'ஐனு ஓவியம்' என்று போட்டேன். உடனே ஒரு மாணவி, "ஐனுக்காரங்க நல்லா வரைவாங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். இன்னொன்று, அத்துஷ் என்ற அவர்களுடைய மேலங்கி. 'மரவுரி' சரிதானே?

தே.

* * *

அம்மா, மாணவி கேட்டது நியாயம். 'புலி கொல் யானை'யில் கொன்றது எது, செத்தது எது என்ற பழைய தடுமாற்றம்தான் இது. ஐனுவை வரைந்த ஓவியமா, ஐனு வரைந்த ஓவியமா? ஓவியம் என்பதே ஒவ்வுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்றை ஒத்திருப்பது ஓவியம். எனவே 'ஐனு ஒப்போவியம்' என்க. சப்பானிய 'எ'யை நம் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

புலவர் க.

* * *

ஐயா, புலி கொல் யானையில் 'கொல்' என்று ஒரு வினை இருக்கிறது, அதனால்தான் அது தடுமாறு தொழிற்பெயர். இங்கே வினையே இல்லை. இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை, தேரை ஓட்டும் பாகன் தேர்ப்பாகன் ஆன மாதிரி.

அதை விடுங்கள். ஒப்போவியம் என்கிறீர்களே, எதை ஒத்தது? 1789இல் குனாஷிர், மெனாஷி பகுதி ஐனுக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அது அடக்கப்பட்டபின், ஹொக்கைடோவின் தென்முனையை ஆண்ட ஜப்பானியக் குறுநில அரசான மத்சுமாயேயின் பக்கம் நின்ற 12 ஐனு தலைவர்களை ககிசாகி ஹக்யோ 1790இல் வரைந்தார். பார்த்தால் கண்ணைப் பறிக்கும் சீனப் பட்டு அங்கிகள். வடக்கே உள்ள சகாலின் தீவு வழியாக வணிகத்தில் வந்து சேர்ந்த பட்டு அது. அதைக் கட்டிக்கொண்டு யாரும் ஆற்றில் சால்மன் பிடிக்கப் போகமாட்டார்கள். தன் பக்கம் இருப்பவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்று மத்சுமாயே காட்டிக்கொண்ட படங்கள். உங்கள் வேர்ச்சொல்படியே பார்த்தாலும் இவை ஒவ்வாத ஓவியங்கள்தான். ஹிரசாவா ப்யோசான் வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹொக்கைடோவின் ஹகோடாதே நகரில் இருந்துகொண்டு வேட்டை, மீன்பிடி, கரடியைத் தெய்வ உலகுக்கு வழியனுப்பும் இயோமாந்தே என்று அன்றாடத்தையே வரைந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைக்கத்தான் வேண்டுமா?

இரா.

* * *

மரவுரி வேண்டாம் தே. அதைப் படித்ததும் காட்டுக்குப் போகிற இராமன்தான் நினைவுக்கு வருவான், கம்பன் 'சீரை' என்பதும் அதைத்தான். அத்துஷ் நெய்த துணி. எல்ம் வகை மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து, ஏடு ஏடாகப் பிரித்து, மெல்லிசாகக் கிழித்து, முடிந்து நூலாக்கி, இடுப்போடு கட்டிய தறியில் நெய்வார்கள். அதன்மேல் கருநீலத் துணியை வெட்டித் தைத்துச் சுருள் சுருளாகப் பூவேலை. நம் ஊர் ஆயா மரமும் எல்ம் குடும்பம்தான், 'ஆயாநார்த் துணி' என்றால் என்ன?

செ.

* * *

பால்வாடி ஆயா சேலை என்று நினைத்துக்கொள்வார்கள். 'நார்மடி' இருக்கிறதே?

இரா.

* * *

நார்மடி என்றால் மடி ஆசாரம் கூடவே வந்துவிடும். பேசாமல் மரநார்த் துணி என்று சொல்லலாம்.

செ.

* * *

செ. அவர்களுக்கு: ஐனு மொழியில் 'அத்' நார், 'ருஸ்' தோல். இரண்டும் சேர்ந்தே அத்துஷ். தமிழில் உரி என்றாலும் தோல்தான். யானையுரி, புலியுரி கேட்டதில்லையா? நெய்ததைத் தோல் என்று அவர்களே சொல்லும்போது நாம் ஏன் கூச வேண்டும்? மரவுரியே பொருந்தும். சப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று சப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ எழுதியதையும் இங்கே நினைவூட்டுகிறேன். ஐனு என்றால் மனிதன், நம் 'ஆயன்'...

புலவர் க.

* * *

ஐயா, ஐனு மொழிக்கும் ஜப்பானியத்துக்குமே உறவு நிறுவப்படவில்லை. அங்கே ஆயனைத் தேடினால் மாடு மட்டுமில்லை, மேய்ச்சலும் கிடைக்காது.

இரா.

* * *

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தலைப்பு: 'ஐனு வாழ்க்கைப் படங்கள்', அதன்கீழ் சிறிய எழுத்தில் 'வரைந்தவர்கள் ஜப்பானிய ஓவியர்கள்'. கலைச்சொல் ஆகாதுதான், ஆனால் அந்த மாணவிக்கு விளங்கும். துணிக்கு 'அத்துஷ் என்ற மரநார்த் துணி'. ஒன்று மட்டும் பாக்கி. 14ஆம் படத்தில் பெரியவர் கையில் செதுக்கிய குச்சி ஒன்று, இகுபசுய். என்னிடமுள்ள ஆங்கிலக் குறிப்பு 'மீசைதூக்கி' என்கிறது.

தே.

* * *

அது வெளியாட்கள் வைத்த பெயர். குடிக்கும்போது மீசையில் படுவதைப் பார்த்துவிட்டு எழுதிவிட்டார்கள். அதன் நுனியால் மதுவைத் தொட்டுக் கமுய்க்கு, அதாவது தெய்வங்களுக்குப் படைப்பார்கள். வேண்டுதலைக் கொண்டுசேர்ப்பதும் அந்தக் கோல்தான். 'படையற்கோல்' என்று போடுங்கள்.

இரா.

* * *

வேண்டுதலைக் கொண்டுசெல்வதால் 'வேண்டுகோல்'. இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

புலவர் க.

* * *

அழகுதான் ஐயா. ஆனால் அச்சகத்தில் ல-வை ள-வாகத் திருத்திவிடுவார்கள். 'படையற்கோல்' என்றே அச்சுக்குப் போய்விட்டது.

தே.

* * *

மரவுரி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

புலவர் க.