மேலவீதி பொங்கல் குழு: தவிலுக்கு மேல ராப்

கதிர் 7:42
காணும் பொங்கல் ராத்திரி நிகழ்ச்சியில நமக்கு 4 நிமிஷம் குடுத்திருக்காங்க. மேல ராப், கீழ தவில். மாமா சரின்னுட்டாங்க. பீட், மைக், துணி எல்லாம் இங்கேயே கேக்குறேன், ஒவ்வொருத்தரா சொல்லுங்க.

பெரியப்பா 7:44
பொங்கலுக்கு எதுக்குடா அமெரிக்காக்காரன் கூத்து

யாழினி 7:47
அதுவும் கிட்டத்தட்ட தெருக்கூத்துதான் பெரியப்பா. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல 1520 செட்விக் அவென்யூ. பள்ளிக்கூடம் திறக்கறப்போ புதுத்துணி வாங்க, ஒரு பொண்ணு டிக்கெட் போட்டு விருந்து வெச்சுது. அண்ணன்காரர் கூல் ஹெர்க் பாட்டுத் தட்டு போட்டார். ஜமைக்காவில பிறந்தவர், அங்க தெருவுல பெரிய ஸ்பீக்கர் கட்டி மைக்ல பேசிக்கிட்டே பாட்டுப் போடுற வழக்கம் உண்டு.

யாழினி 7:48
பாட்டுல எல்லாரும் நிறுத்தி டிரம் மட்டும் வர்ற சில நொடியிலதான் ஆட்டக்காரங்க களத்துல இறங்குறாங்கன்னு கவனிச்சார். ஒரே தட்டுல ரெண்டு பிரதி வெச்சு, ஒண்ணு முடியறப்போ இன்னொண்ணைத் தொடங்கி, அந்த இடத்தையே நீட்டிக்கிட்டே போனார். ஹிப்ஹாப்போட வேர் அவ்வளவுதான்.

தவில் மாமா 7:50
கச்சேரியில நாயனம் நின்னு தனி ஆவர்த்தனம் வந்தா கூட்டம் நிமிந்து உக்காருமே, அதே இடம். அவர் அதை வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டார்.

கதிர் 7:51
மாமா 🔥

பெரியப்பா 7:53
அப்ப நம்ம பழைய நாயன ரெக்கார்டுலேருந்து ஒரு துண்டு வெட்டிப் போடலாமே. வீட்டுல எல்பி கெடக்கு.

யாழினி 7:56
மேடையோட போச்சுன்னா வேற. யூடியூப்ல ஏத்தணும்னா ரெண்டு உரிமை பாக்கணும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலேருந்து 60 வருஷம். பாட்டுக்கு, எழுதினவர் காலமானதுக்கு அப்புறம் 60 வருஷம். தியாகராஜர் 1847லயே போயிட்டதால கீர்த்தனைக்கு யாரும் வர மாட்டாங்க, வாசிச்சவங்க பதிவுக்கு வருவாங்க. பாபநாசம் சிவன் பாட்டுன்னா அவர் காலமானது 1973, அதனால 2033 முடியற வரைக்கும் பாட்டே உரிமையில இருக்கு.

கதிர் 7:57
சுருதியை அரைக்கட்டை ஏத்திட்டா யூடியூப் கண்டுபிடிக்காதுன்னு சொல்றாங்களே

யாழினி 7:58
நம்பாதே. சுருதி மாத்தினதையும் வேகம் மாத்தினதையும் அது பல சமயம் பிடிச்சிடும். 1991லயே பிஸ் மார்கிங்கிற ராப்பர் மேல வழக்குப் போட்டு, கேக்காம வெட்டி எடுக்கக் கூடாதுன்னு அமெரிக்க கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னால ஒரே பாட்டுல இருபது முப்பது துண்டு ஒட்டினவங்க, அப்புறம் ஒண்ணு ரெண்டோட நிறுத்திட்டாங்க. சத்தமே மாறிப்போச்சு. மாமா கையால புதுசா பதிவு பண்ணிக்கோ, தொல்லை இல்லை.

சவுண்டு அண்ணன் 8:03
வேகம் என்ன தம்பி

கதிர் 8:03
90 பிபிஎம் அண்ணே, நிமிஷத்துக்கு 90 அடி

சவுண்டு அண்ணன் 8:05
அப்ப 4 நிமிஷத்துல 360 அடி, நாலு அடி ஒரு பார்னா 90 பார். 16 பார் சரணம் 42 நொடி சொச்சம், 8 பார் பல்லவி 21 நொடி. மூணு சரணம் நாலு பல்லவி போட்டா 80 பார். மிச்சம் 10ல 2 நுழையறதுக்கு, 8 மாமா தனிக்கு. அதுக்கு மேல இழுத்தா கமிட்டி மைக்கை நிறுத்திடும். ராத்திரி 10க்கு மேல ஒலிபெருக்கி கூடாது, சட்டம்.

தவில் மாமா 8:09
8 பார் போதும். கேட்டுக்கோ. ஒரு அடிக்கு 4 மாத்திரை, பாருக்கு 16. முதல் 6 பார் சதுஸ்ரம். ஏழாவது பார் திஸ்ரத்துக்குப் போறேன், அடிக்கு 3, தகிட தகிட தகிட தகிட. அடி மாறாது, உள்ள நடை மட்டும் மாறும். எட்டாவது பாருக்குத் திரும்ப சதுஸ்ரம்: முதல் மாத்திரை விட்டுட்டு, ததிங்கிணதொம் 5, மூணு தரம் 15. ஒண்ணும் பதினஞ்சும் பதினாறு. அடுத்த சமத்துல, அதான் பாரோட முதல் அடியில, உன் வாய் திறந்திருக்கணும். அங்க நீ மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா என் தீர்மானம், அந்த மூணு தர முடிப்பு, வீண்.

யாழினி 8:11
அந்தத் திஸ்ரத்தைத்தான் இப்ப அட்லாண்டா பக்கத்து ராப்பருங்க டிரிப்லெட்டுன்னு அள்ளி விடுறாங்க. மீகோஸ்ங்கிற குழு அதை வெச்சே பேர் வாங்கினாங்க.

தவில் மாமா 8:12
அடிக்கு 5 வர்ற கண்டம் இன்னும் அவங்க கிட்ட போகலை போல 😄

டீச்சர் அத்தை 8:20
கதிர் தம்பி, வரி அனுப்பினியே, பாத்தேன். எல்லா வரியும் "வந்தேன், நின்னேன், சொன்னேன்"னு முடியுது. தமிழ்ல வினைமுற்று எல்லாம் ஒரே வாலோட வரும். அதை இயைபுன்னு எண்ணிக்கிட்டா நாலாவது வரியிலேயே காது தூங்கிடும். இங்கிலீஷ்காரனுக்கு வரிக்கடைசிதான் கை குடுக்கும், நமக்கு எதுகையும் மோனையும் வரி தலையிலேயே நிக்குது. பாரோட முதல் அடி விழற இடமும் அதுதானே.

டீச்சர் அத்தை 8:24
முதல்ல சொல்லே வேண்டாம். திருப்புகழுக்குச் சந்தம் சொல்ற மாதிரி "தந்தன தந்தன"ன்னு 4 பார் வாய்ல ஓட்டிப் பாரு, அப்புறம் சொல்லை அதுல உக்கார வை. மாதிரிக்கு:

வண்டல் மண்ணுல வந்தது நெல்லு
கண்டம் தாண்டி கேக்குது சொல்லு

இலக்கணத்துல மெய்க்கு அரை மாத்திரை. சந்தக் கணக்குல குறிலோட ஒற்று சேந்தா 2. வண்டல் 4, மண்ணுல 4, வந்தது 4, நெல்லு 3, ஒரு மாத்திரை மூச்சு. சரியா 16. ரெண்டாவது வரியில "தாண்டி" 3தான், அங்க ஒரு ஓய்வு விழும், நல்லா இருக்கும். வண்-கண் எதுகை, வண்டல்-வந்தது மோனை, நெல்லு-சொல்லு இயைபு. மூணும் ரெண்டு வரிக்குள்ள.

கதிர் 8:25
அத்தை நீங்களே பாடிடுங்க 🙏

டீச்சர் அத்தை 8:26
நான் எதுக்கு. எதிராளியை மேடையில வெச்சு வாங்கற பாட்டு நமக்குப் புதுசா? வசைபாடக் காளமேகம்னு சும்மாவா சொன்னாங்க. சிலேடை போட்டுத் திட்டினா திட்டு வாங்கினவனே ரசிப்பான். நீ வெறும் திட்டு எழுதியிருக்க, மூணாவது சரணத்தை மாத்து.

கமிட்டி செயலாளர் 8:30
நாளை பராமரிப்பு பணி. மேலவீதி, கீழவீதி, அக்ரஹாரம் பகுதிகளில் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. அனைவருக்கும் பகிரவும்.

கதிர் 8:34
அண்ணே, பீட்ல 808 பாஸ் போட்டிருக்கேன். ஹெட்போன்ல நெஞ்சு அதிருது, போன் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இல்லை. மேடையில எப்படி வரும்?

சவுண்டு அண்ணன் 8:41
கோன் ஸ்பீக்கர்ல சுத்தமா வராது. 808ங்கிறது ரோலண்ட் கம்பெனி 1980ல விட்ட டிரம் பெட்டி. அசல் டிரம் மாதிரி கேக்கலைன்னு அவ்வளவா விக்கலை, 83லயே நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்டுல சல்லிசா கிடைச்சதால பசங்க கைக்குப் போச்சு, இன்னிக்கு சினிமாப் பாட்டு வரைக்கும் அதுதான் கீழ ஓடுது. அதோட கிக் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம். தெருக்கம்பத்துக் கோன் சுமார் 300க்குக் கீழ இறங்காது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மேடைக்கிட்ட சப் வூஃபர் பெட்டி ரெண்டு வைக்கிறேன். ரெண்டாவது உன் வேலை: 808 மேல கொஞ்சம் டிஸ்டார்ஷன் போடு. 150, 300ல கிளை சத்தம் முளைக்கும், கோன்ல அது கேக்கும், கீழ இருக்கறதைக் காது தானா நிரப்பிக்கும்.

சவுண்டு அண்ணன் 8:43
நாயனம் உண்டா? உண்டுன்னா 808ஐ அதோட சுருதிக்கு வை. 2 கட்டைன்னா 36.7 ஹெர்ட்ஸ், 2½ன்னா 38.9. நாயனத்தை பீட்டுக்கு வளைக்கப் பாக்காதே. வாய் வெச்சு ஊதற சீவாளி நனைஞ்சதுக்கு ஏத்த மாதிரி அது கொஞ்சம் நகரும். முதல்ல நாயனத்தைப் பதிவு பண்ணி, எத்தனை சென்ட் விலகியிருக்குன்னு டியூனர்ல பாத்து, பீட்டை மொத்தமா அங்க தள்ளு. அரைக்கட்டைக்கு 100 சென்ட்.

தவில் மாமா 8:46
என் தவில்ல கழி படற பக்கம், தொப்பி, அதுவும் உன் 808ம் ஒரே நேரத்துல விழுந்தா ரெண்டுமே மண்ணு. சமத்துல 808 அடிக்கட்டும், அங்க நான் விரல் படற பக்கம், வலந்தலை மட்டும் வாசிக்கிறேன். தொப்பி ஓடற இடத்துல நீ சும்மா இரு.

சவுண்டு அண்ணன் 8:50
பதிவுக்கு ரெண்டு மைக். வலந்தலைக்கு ஒரு அடி தள்ளி, கூடு போட்ட விரலுக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாச்சு. தொப்பிக்கு ஒண்ணரை அடி, கழி வீசற பாதையில படாம. உச்ச அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தவில் மெதுவா தொடங்கி திடீர்னு ஏறும், அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, கிழிஞ்ச சத்தத்தை அப்புறம் ஒட்ட முடியாது. காதுல கிளிக், அதான் தாளம் காட்டற டிக் டிக், வெச்சா தவில் சத்தத்துல கேக்காது, கூட்டினா காது போயிடும். ஜால்ராவை 90க்கு முன்னாடியே பதிவு பண்ணி அதைக் காதுல குடு.

யாழினி 8:52
பதிவை அப்படியே சாஃப்ட்வேர் கிரிட்ல ஒட்டிடாதே கதிர். எல்லா அடியையும் கட்டத்துக்குள்ள தள்ளினா மாமா வாசிச்ச மாதிரியே இருக்காது. பார் தொடக்கம் மட்டும் நேர் பண்ணு. எம்பிசிங்கிற பீட் பெட்டியில ஸ்விங்னு ஒரு வசதி வெச்சதே, இயந்திரத்துக்கு மனுஷக் கை வரணும்னுதான். உனக்கு மனுஷக் கையே கிடைச்சிருக்கு.

டெய்லர் சித்தி 9:02
சத்தமெல்லாம் முடிஞ்சுதா? துணிக்கு வாங்க. 6 பேருக்கு "பெருசா, லூசா"ன்னு மட்டும் எழுதியிருக்கான். 32 இடுப்புக்காரன் 38 வாங்கிப் பிடிச்சுத் தச்சா, சீட் கீழ தொங்கிடும், காலைத் தூக்க முடியாது, ஆட்டத்துல கவுட்டி கிழியும். இடுப்பு அவனவன் அளவு. முட்டி சுத்தளவு 24 இஞ்ச், பாட்டம் 22. கவுட்டியில ஒரு டைமண்ட் துண்டு வெச்சுடறேன்.

டெய்லர் சித்தி 9:06
சட்டை: தோள் ரெண்டு பக்கமும் 2 இஞ்ச் இறக்கணும், உடம்பு லூஸ் 10. தோள் 2 இறங்கினா கை நீளத்துல 2 குறைக்கணும். அதை மறந்துட்டுதான் கடைத்துணி எல்லாம் விரலை மூடுது. துணி 220 ஜிஎஸ்எம் கனத்துல பருத்தி. 160ல தச்சா வேர்வையில உடம்போட ஒட்டிக்கும், லூசாத் தச்சதே வீண்.

கதிர் 9:08
சித்தி, முதுகுல அடிடாஸ் மூணு கோடு வேணும்னு ரெண்டு பேர் கேக்குறாங்க

யாழினி 9:11
ரன்-டி.எம்.சி.ங்கிற ராப் குழு 1986ல அந்த ஷூவைப் பத்திப் பாடி, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல "ஷூவைத் தூக்குங்க"ன்னதும் கூட்டமே கழட்டித் தூக்குச்சு. பாத்துக்கிட்டிருந்த கம்பெனி ஆள் ஒப்பந்தம் போட்டார். ரசிகன் கையில இருக்கறது விளம்பரம்னு வியாபாரிங்களுக்குப் புரிஞ்ச நாள் அது. உங்களுக்கு எவனும் காசு தரலை, எதுக்கு அவன் கோடு?

யாழினி 9:14
சித்தி, உங்களுக்கு ஒண்ணு. நியூயார்க் ஹார்லம்ல டாப்பர் டான்னு ஒரு டெய்லர், 1982ல கடை போட்டார். பெரிய கம்பெனி முத்திரையைத் தோல்ல அச்சடிச்சு, அந்தக் கம்பெனிங்க தைக்கவே தைக்காத ஜாக்கெட்டைத் தச்சார். வழக்கு, சோதனைன்னு 92ல கடை மூடிச்சு. 2017ல குச்சி (Gucci) கம்பெனி அவர் தச்ச மாதிரியே ஒண்ணு விட்டுது. "இது அவரோடதாச்சே"ன்னு ஊரே சத்தம் போட, அவரைக் கூப்பிட்டு கூட்டு சேந்துக்கிச்சு.

டெய்லர் சித்தி 9:16
டெய்லர் முதல்ல, கம்பெனி அப்புறம். அதை எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணு. கோடு தைக்க மாட்டேன். கூறைநாட்டுக் கட்டம் போட்ட பருத்தி மிச்சம் இருக்கு, தலைக்குட்டை 22 இஞ்ச் சதுரம், ஓரம் மடிக்க 23ஆ வெட்டணும், 6 பேருக்கு ஆகும். ஹூடி தொப்பிக்கு உள்பக்கமும் அதே கட்டம்.

பெரியப்பா 9:18
திருபுவனம் பட்டுல ஒரு ஜாக்கெட் தச்சா தூக்கலா இருக்குமே

டெய்லர் சித்தி 9:20
இருக்கும். ஆனா பட்டு, தையல் ஓரத்துல பிரிஞ்சு வரும், பேஸ்டிங் துணி ஒட்டி லைனிங் குடுக்கணும், 11 நம்பர் ஊசிக்கு மேல போனா ஓட்டை தெரியும். கூலி யார் தருவா? முன்னாடி பாடறவனுக்கு மட்டும்னா பாக்கலாம்.

கதிர் 9:24
பல்லவியில கூட்டத்தைத் திருப்பிச் சொல்ல வைக்கலாம்னு இருக்கேன்

டீச்சர் அத்தை 9:25
நடவுப் பாட்டு மாதிரி. நீ ரெண்டு பார், அவங்க ரெண்டு பார். அவங்க வரி 5 எழுத்தைத் தாண்டக் கூடாது.

சவுண்டு அண்ணன் 9:29
கூட்டத்தோட கைத்தட்டைக் கேட்டுப் பாடாதே. சத்தம் நொடிக்கு 340 மீட்டர். 90 வேகத்துல ஒரு மாத்திரை 0.167 நொடி. தேரடி முனையில 57 மீட்டர் தள்ளி நிக்கிறவன் சரியா ஒரு மாத்திரை பின்னாடி தட்டுவான், அது திரும்பி உன் காதுக்கு வர இன்னொரு மாத்திரை. அதைப் பிடிச்சா வேகம் விழுந்துக்கிட்டே போகும். மாமா வலந்தலையை மட்டும் பாரு. அப்புறம் மைக்கைத் தலையோட பொத்திப் பிடிக்காதே, வீடியோவுல அழகா இருக்கும், இங்க கூவும்.

சவுண்டு அண்ணன் 9:32
டிராக் வேவ் ஃபைல், மோனோ. புளூடூத் வேண்டாம். போன்ல ஃபிளைட் மோட். ஸ்டீரியோ பின்னை மிக்ஸர் பேலன்ஸ்டு ஜாக்ல நேரா சொருகினா இடதும் வலதும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், நடுவுல இருக்கற கிக்கும் குரலும் காணாம போகும். பசங்க "டிராக் கெட்டுப்போச்சு"ன்னு அழறது பாதி இதனாலதான். ஒயர் நான் எடுத்துட்டு வரேன்.

கதிர் 9:33
சரிண்ணே. மாமா, பதிவு நாளைக்கா?

தவில் மாமா 9:35
மேல பாரு, 9லேருந்து 5 கரண்ட் இல்லை. அஞ்சரைக்கு வா. ஜால்ராவுக்கு ஆள் நீயே கூட்டிட்டு வா.