அப்பாவின் ஓய்வுப் பணம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன மாதம் 58 வயதில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 22 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. பென்ஷன் மிகக் குறைவு. இனி அப்பா அம்மா இருவரின் வீட்டுச் செலவு, மருந்து எல்லாம் இந்தப் பணத்தை நம்பித்தான்.

தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போடலாம் என்று நினைக்கிறேன். 8.2 சதவீத வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய் வரும். 60 வயது ஆகாதவர்கள் ஓய்வுப் பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் கணக்கு தொடங்கிவிட வேண்டும். அதற்கு மில்லிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும், அங்கே இழுத்தடிக்கிறார்கள். பிஎஃப் ஆவணங்களை மட்டும் காட்டி யாராவது கணக்கு தொடங்கியிருக்கிறீர்களா?

அம்மாவின் நகை 3 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது, வட்டி 9 சதவீதத்துக்கு மேல். அதை முதலில் மீட்டுவிடுவதுதான் சரி என்பது என் எண்ணம். அப்பாவோ கையில் ரொக்கம் இருக்கட்டும் என்கிறார். அவர் பயமும் நியாயம்தான், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யாரிடம் போய் நிற்பது?

இதற்கிடையே சொந்தக்காரர் ஒருவர், தெரிந்த இடத்தில் மாதம் 2 வட்டிக்கு விடலாம் என்று தினமும் வீட்டுக்கு வருகிறார். அப்பா கொஞ்சம் அசைந்துவிட்டார். அவர் மனம் நோகாமல் இதை எப்படித் தடுப்பது? இந்த நிலையில் இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.