மின்கம்பி இல்லாத ஜோசோ லைனில் நான்கு வருடம்

ஜப்பான் ரயில் என்றாலே எல்லோரும் புல்லட் ரயிலைத்தான் சொல்கிறீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது டீசலில் ஓடும் ஜோசோ லைன். டோக்கியோவுக்கு வடகிழக்கே, இபராகி மாகாணத்தில், தொரிதேயிலிருந்து ஷிமோதாதே வரை 51.1 கிலோமீட்டர், 25 ஸ்டேஷன், கான்டோ ரயில்வே என்ற தனியார் கம்பெனியுடையது. 2013இலிருந்து 2017 வரை மிட்சுகைதோவில் குடியிருந்து தினமும் தொரிதேக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

முதல் நாள் டோக்கியோவின் உயேனோ ஸ்டேஷனிலிருந்து ஜோபன் லைன் என்ற மின்சார ரயிலில் வந்து தொரிதேயில் இறங்கி, படியேறி இறங்கி அந்தப் பிளாட்பாரத்துக்குப் போனதும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்த பிறகுதான் புரிந்தது, மேலே கம்பியே இல்லை, வெறும் வானம். அதுவும் மிட்சுகைதோ வரை 17.5 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை! இரட்டைப் பாதை போடும் அளவுக்குக் கூட்டம் இருக்கிறது, காலையில் பள்ளிப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் நெருக்கியடித்து நிற்கிறார்கள், அப்புறம் ஏன் இன்னும் டீசல் என்ற கேள்வி பல நாள் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வேலையிடத்தில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பெரியவர்தான் காரணத்தைச் சொன்னார். பக்கத்தில் இஷியோகாவில், காகியோகா என்ற இடத்தில், பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. முதலில் அந்த அளவெடுப்பு டோக்கியோவில்தான் நடந்ததாம். நகரத்தில் மின்சார டிராம் வந்ததும் கருவிகள் குழம்பிப்போக, இங்கே மாற்றிவிட்டார்கள். இங்கே அளக்கத் தொடங்கியது 1913இல், ஜோசோ லைன் திறந்ததும் அதே 1913இல். நேர்மின்சாரத்தில் (DC) ரயில் ஓடினால் தண்டவாளம் வழியாகத் திரும்பும் மின்சாரத்தில் கொஞ்சம் மண்ணில் கசியும், அதுவே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருவியைக் கெடுத்துவிடும். மாறுமின்சாரம் (AC) என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வண்டியின் விலை ஏறிவிடும், சின்னக் கம்பெனிக்குக் கட்டாது. 2005இல் திறந்த ட்சுகுபா எக்ஸ்பிரஸ் மோரியாவில் ஜோசோ லைனைத் தொடுகிறதே, அது மோரியாவுக்குத் தெற்கே நேர்மின்சாரம், வடக்கே மாறுமின்சாரம், எல்லாம் இந்த ஒரு ஆய்வகத்துக்காக. ஜோபன் லைனும் தொரிதேயைத் தாண்டியதும் இப்படித்தான் மாறுகிறது.

அதைக் கேட்ட மறுநாளிலிருந்து அந்த எஞ்சின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. ஸ்டேஷனில் நிற்கும்போது செருப்பின் அடியில் தரை மெல்ல அதிரும், கைப்பிடி வளையங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் நடுங்கும். கிளம்பும்போது உறுமல் ஏறிக்கொண்டே போகும், வண்டி மட்டும் மெதுவாகத்தான் நகரும். பிறகு ஒரு கணம் சத்தம் தணிந்து, கியர் பிடித்து, கனத்த குரலில் ஓட ஆரம்பிக்கும். கார்டு என்று தனி ஆள் கிடையாது, கதவு உட்பட எல்லாமே ஓட்டுநர் ஒருவர்தான். இதையெல்லாம் பழைய காலத்து வண்டி, மெதுவான வண்டி என்று குறை சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பூமியை நூறு வருடமாக விடாமல் அளந்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்காக ஒரு வட்டாரமே கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2015 செப்டம்பர் 10ஆம் தேதி ஜோசோ நகரில் கினு ஆற்றங்கரை உடைந்தபோது இந்தப் பாதையும் தண்ணீருக்குள் போனது. தெற்குப் பக்கம் சீக்கிரம் திறந்துவிட்டார்கள், முழு லைனும் ஓட அக்டோபர் ஆகிவிட்டது. மறுபடி அந்த உறுமலை வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்ட காலையில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

போகிறவர்கள் மே மாதம் போங்கள். மிட்சுகைதோவுக்கு வடக்கே ஒற்றைப் பாதை, பெரும்பாலும் ஒற்றைப் பெட்டிதான் வரும், கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் 877 மீட்டர் ட்சுகுபா மலை இரட்டைச் சிகரத்தோடு கூடவே வரும். நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கும் சமயம் அது. ஒரு ஞாயிறு சாயங்காலம் எதிர் வண்டிக்காகச் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் நின்றோம். கதவு திறந்திருந்தது, எஞ்சின் அடியில் முனகிக்கொண்டிருந்தது, அதையும் மீறி வயல் முழுக்கத் தவளைச் சத்தம். எதிர் வண்டியின் விளக்கு தூரத்தில் தெரியும்வரை யாரும் கதவை மூடச் சொல்லவில்லை.