பழைய சினிமா வில்லன் நடிகர் எம்.என். நம்பியாரை எங்கே பார்த்தீர்கள்? சேலத்தின் மூன்று பகுதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

அஸ்தம்பட்டி:
நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) திரையில்தான் பார்த்தாள், ஆனால் பக்கத்து வீட்டு ஆளைத் திட்டுவது போலத் திட்டுவாள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பார்த்தபோது, எம்.ஜி.ஆர். சாட்டையை எடுத்ததும் "இன்னும் ரெண்டு போடு சாமி" என்று கத்தினாளாம். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு முன்னால் இருந்தவர் சட்டையில் தெறித்துத் தகராறு ஆனது தனிக்கதை.

பிறகு ஒருநாள் எங்கள் மாமா, வருஷம் தவறாமல் மாலை போடுகிறவர், ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். நம்பியார் கறுப்பு வேட்டியில், தலையில் இருமுடியோடு. "மகா குருசாமி அத்தே, சைவம்" என்றார். அம்மாயி படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் வேசந்தான்டா" என்றாள். மாமா இரண்டு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

கன்னங்குறிச்சி:
அம்மாயி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வேஷம் கட்டுவதில் அவர் யார் என்று பார்க்க ‘திகம்பர சாமியார்’ பாருங்கள். 1950இல் வந்தது, நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் படம். வில்லன் இல்லை, கதாநாயகனே அவர்தான். 11 வேஷம் என்பார்கள். நானும் அப்பாவும் டிவியில் பார்த்தபோது விரல் விட்டு எண்ணினோம். எனக்கு ஒன்பது, அப்பாவுக்குப் பத்து. "அந்தக் கிழவனை விட்டுட்டியே" என்று அவர் சொல்ல, "அது அவரே இல்லை" என்று நான் சொல்ல, அம்மா டிவியை நிறுத்திவிட்டாள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் அதைத் தாண்டும்போதெல்லாம் மறுபடி எண்ணத் தோன்றும்.

செவ்வாய்ப்பேட்டை:
என் சித்தப்பா கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர். அதே 1950இல் அதே கம்பெனி எடுத்த ‘மந்திரி குமாரி’யில் நம்பியார் ராஜகுரு. அதை எப்போது போட்டாலும் சித்தப்பா போய்விடுவார். கதைக்காக இல்லை, நிற்கிற தோரணைக்காக. "கத்தாம பயமுறுத்தறான் பாரு. உள்ளங்கை ரெண்டையும் தேச்சான்னா நமக்கு வயித்தைக் கலக்குது. நாங்க தொண்டை கிழியக் கத்தினாத்தான் கடைசி வரிசைக்காரன் திரும்பியே பாக்கறான்." நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர் நம்பியார். மேடையில் குரலை உயர்த்திப் பழகிய ஒருவர் கேமரா முன்னால் அதை அடக்கக் கற்றுக்கொண்டார் பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வித்தை. சித்தப்பாவும் ஒருமுறை மெதுவாகப் பேசிப் பார்த்தார். மைக் வேலை செய்யவில்லையா என்று ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டார்கள்.

அஸ்தம்பட்டி:
அம்மாயி கதையில் ஒன்று விட்டுப்போச்சு. 1982இல் ‘தூறல் நின்னு போச்சு’க்கு அவளைக் கூட்டிப்போனோம். அதில் நம்பியார் பாக்யராஜுக்குத் துணையாக நிற்கிற நல்ல மனுஷர், சிரிக்கவும் வைப்பார். அம்மாயி இடைவேளை வரை சேலை முந்தானையைப் பிடித்தபடியே இருந்தாள், எப்போது காலை வாருவாரோ என்று. படம் முடிந்து வெளியே வந்து, செருப்பைத் தேடிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "இவனுக்கு எப்படா புத்தி வந்துச்சு?"