அடிமை வெச்சிருந்த வீட்டுக் கடுதாசிகள்: படிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

சேப்பல்ஹில்_வாசி:
போன மாசம் இங்க நார்த் கரோலினா யுனிவர்சிட்டியோட வில்சன் லைப்ரரில உக்காந்து கேமரன் குடும்பக் கடுதாசி படிச்சேன். ட்ரையாங்கிள் (ராலே, டர்ஹம், சேப்பல்ஹில்) பக்கம் இருக்கிறவங்களுக்கு ஸ்டாக்வில் தெரியும், அதே குடும்பம்தான்; தெரியாதவங்களுக்கு, அது அவங்க அடிமைங்கள வெச்சு நடத்தின பெரிய தோட்டம். முதல் ரெண்டு மணி நேரம் மழை, காய்ச்சல், யாருக்குக் கல்யாணம், யாரு ஊருக்கு வர்றா இதேதான். மூடி வெச்சிடலாம்னு இருந்தப்போ 1859ல எழுதின ஒண்ணு கைக்கு வந்துச்சு. பீட்டர் லெஸ்லினு ஒரு ஜியாலஜிஸ்ட் மில்ட்ரெட் கேமரனுக்கு எழுதினது. இவங்க வீட்டு அடிமை மேரி வாக்கர், 1848ல வீட்டுக்காரங்களோட ஃபிலடெல்ஃபியா போன இடத்துல தப்பிச்சுட்டாங்க, பெத்த அம்மாவும் புள்ளைங்களும் இங்கயே மாட்டிக்கிட்டாங்க. பதினோரு வருஷம் கழிச்சு இந்த மனுஷர் எழுதுறார், அந்தம்மா புள்ளைங்க நெனப்புலயே உருகிப் போறாங்க, பணம் குடுத்துடறோம், விட்டுடுங்கனு கெஞ்சுறார்.

பதில் போகலை. ஆனா அந்தக் கடுதாசியக் கிழிச்சும் போடலை. மத்த கடுதாசிங்களோட சேத்து பத்திரமா மடிச்சு வெச்சிருக்காங்க. அந்த மடிப்புத் தழும்பு மேல விரல வெச்சு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. மேரி வாக்கர் பொண்ணையும் பையனையும் திரும்பப் பாத்தது 1865ல, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சப்புறம். வேற யாராவது இப்படி ஒண்ணப் படிச்சுட்டுத் தூக்கம் கெட்டிருக்கீங்களா?

கேரி_அம்மா:
தம்பி, நான் பெட்டியத் திறந்து படிச்சதில்ல, ஸ்டாக்வில்லுக்குத்தான் பசங்களக் கூட்டிட்டுப் போனேன். 1860 வாக்குல அந்தக் குடும்பத்துகிட்ட கிட்டத்தட்ட 900 பேர் அடிமையா இருந்தாங்க, நிலம் 30,000 ஏக்கர். அதே தோட்டத்துல ஹார்ட்டன் க்ரோவ்னு ஒரு இடம், அங்க அடிமைங்க குடியிருந்த வீட்டுச் சிம்னி செங்கல்ல விரல் பதிஞ்ச குழி இருக்கு, ஈர மண்ணா இருந்தப்போ யாரோ கை வெச்சது. என் சின்னவ அவ விரல அதுல வெச்சுப் பாத்தா. அங்கேர்ந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் கார்ல ஒருத்தரும் பேசலை. நீங்க சொன்ன மடிப்பப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.

நெல்லைச்சீமை:
நான் படிச்சது ஜார்ஜியா ஜோன்ஸ் குடும்பம், லிபர்ட்டி கவுன்ட்டி. அப்பா சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் பாதிரியார், அடிமைங்களுக்குனே வேதாகம வினாவிடை எழுதினவர். நான் சொல்ல வந்தது என்னன்னா அந்தக் கடுதாசிங்கள்ல அப்படி ஒரு பாசம். அம்மா மகனுக்கு எழுதுறப்போ வேலைக்காரங்க ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி, யாருக்கு உடம்பு சுகமாச்சு, யாரு உன்னை விசாரிச்சாங்கனு எழுதுறாங்க. அதப் படிச்சுட்டு இவங்களை எப்படி வெறுக்கிறதுனு எனக்குப் புரியலை. எல்லாரையும் ஒரே தராசுல வெக்கக் கூடாதுங்க, அந்தக் காலத்து மனுஷங்க அவங்க.

மசிக்கூடு:
நெல்லைச்சீமை அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அதே ஜோன்ஸ் கடுதாசிங்களை நானும் படிச்சேன், நீங்க 1856ல நிறுத்திட்டீங்களோனு தோணுது. அந்த வருஷம் ஜேன்னு ஒரு பொண்ணு ஓடிப்போய் சவானால வேற பேர்ல வேலை பாத்தா, புடிச்சுட்டாங்க. அப்புறம் அவ அப்பா அம்மா காஷ், ஃபீபி, கூடவே ஜேன், எல்லாரையும் வித்துடறதுனு அப்பாவும் மகனும் கடுதாசிலயே பேசி முடிக்கிறாங்க, அதுலயும் குடும்பத்தப் பிரிக்காம விக்கணும், வியாபாரிகிட்ட விக்கக் கூடாதுனு நிபந்தனை. வாங்கினவன் சொந்தத் தோட்டத்துக்குனு சொல்லி வாங்கினான். 1857 மார்ச்ல ஃபீபியும் காஷும் நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து எழுத வெச்ச கடுதாசி வந்தப்போதான் அவன் சொன்னது பொய்னு இவங்களுக்கே தெரியுது. அதுல என்ன இருக்கு தெரியுமா? ஊர்ல விட்டுட்டு வந்த பொண்ணுங்க க்ளாரிஸா, நான்ஸிக்கு எங்க விசாரிப்பச் சொல்லுங்க, அவங்க அக்கா தங்கச்சியா இருந்த ஜேன் பிப்ரவரி ஒண்ணாந்தேதி செத்துப்போயிட்டா, என்ன வியாதினு தெரியலை, சில டாக்டர் ஒண்ணு சொல்றாங்க சில டாக்டர் இன்னொண்ணு சொல்றாங்க. எங்களப் பகையிலதான் வித்தாங்கனும் அதுலயே இருக்கு.

பேர் சொல்லி விசாரிச்ச அதே வீடுதாண்ணே. பாசம் இல்லைனு நான் சொல்லலை. அந்தப் பாசம் விக்கிறதத் தடுக்கலை, அதான் என்னை அரிக்குது.

பழையதாள்:
ஆர்கைவ்ல வேலை பாக்குறேன், அதனால ரெண்டு வார்த்தை. எனக்கு மறக்காதது ட்யூக் யுனிவர்சிட்டில இருக்கிற வைலெட் லெஸ்டர் கடுதாசி, 1857 ஆகஸ்ட், ஜார்ஜியாலேர்ந்து பழைய எஜமானி வீட்டுப் பொண்ணுக்கு. கை மாறிக் கை மாறி வித்து அங்க போய்ச் சேந்தவங்க. நான் விட்டுட்டு வந்த என் அருமைக் குட்டிப்பொண்ணு என்ன ஆனானு கேக்குறாங்க. இப்போ இருக்கிற எஜமானன் அவளை வாங்கித் தரத் தயாரா இருக்கான், அவளை வெச்சிருக்கிறவர் விப்பாரானு கேளுங்கனு எழுதியிருக்கு. முதல்தடவ படிச்சப்போ எழுந்து வெளிய போயிட்டேன்.

இனி படிக்கப் போறவங்களுக்குச் சிலது சொல்றேன், கேக்காம சொல்றதுக்கு மன்னிச்சுக்கங்க. கடுதாசிய மட்டும் படிச்சா அந்த வீட்டுக்காரங்க குரல் மட்டும்தான் காதுல விழும். அதே பெட்டில கணக்கு நோட்டு இருக்கும், யாருக்குப் போர்வை குடுத்தோம், யாருக்கு எந்த அளவுல செருப்பு, எந்த அம்மாவுக்கு எந்தக் குழந்தை எப்போ பொறந்துச்சு. மொதல்ல அதை எடுங்க. 1850, 1860 சென்சஸ்ல அடிமைங்களுக்குப் பேர் போடமாட்டாங்க, சொந்தக்காரன் பேருக்குக் கீழ வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான், 1870லதான் எல்லாருக்கும் பேர் வருது, தாத்தா பாட்டியத் தேடுற கறுப்பினக் குடும்பங்க அந்த 1870 சுவர்ல போய் முட்டி நிப்பாங்க, அதுக்கு அந்தாண்ட ஒரு பேர் கிடைக்கணும்னா இந்தப் போர்வை லிஸ்ட்தான் கதி. கேட்டலாக்ல 'அடிமை'னு தேடினா பாதி வராது, 'சர்வன்ட்ஸ்', 'ஹேண்ட்ஸ்', 'அவர் பீப்பிள்'னு தேடுங்க, அவங்க எழுதினது அப்படித்தான். சில கடுதாசில காகிதம் மிச்சம் பண்ண, எழுதின பக்கத்தையே திருப்பி குறுக்கால எழுதியிருப்பாங்க, பயந்துடாதீங்க, ஒரு திசைய மட்டும் கண்ணால புடிச்சுக்கிட்டே போனா பத்து நிமிஷத்துல பழகிடும். மசி பழுப்பாகி காகிதத்தையே அரிச்சிருக்கும், அந்த இடத்துல விரல் வெக்காதீங்க (சேப்பல்ஹில் தம்பி, மடிப்பு மேலயும் வெக்காதீங்க, அங்கதான் முதல்ல கிழியும்). இன்னொண்ணு, நார்த் கரோலினால 1830லயே அடிமைங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரக் கூடாதுனு சட்டம் போட்டாச்சு. அதனால அவங்க பேர்ல ஒரு கடுதாசி கிடைச்சா வேற ஒருத்தர் கை வழியா வந்திருக்கலாம், யார் முன்னாடி உக்காந்து எதை அடக்கிக்கிட்டுச் சொல்லியிருப்பாங்கனு யோசிச்சுப் படிங்க.

நெல்லைச்சீமை:
மசிக்கூடு, நான் அந்த நியூ ஆர்லியன்ஸ் கடுதாசிய இப்போதான் தேடிப் படிச்சேன். நான் சொன்ன 'அந்தக் காலத்து மனுஷங்க'ங்கிறத வாபஸ் வாங்கிக்கிறேன். ஃபீபியும் அதே காலத்து மனுஷிதானே.

சேப்பல்ஹில்_வாசி:
பழையதாள் அண்ணா, இனிமே விரல் வெக்க மாட்டேன். வர்ற வியாழன் லீவு போட்டிருக்கேன். மேரி வாக்கரோட பொண்ணு பேரு ஆக்னஸ், சின்னப் பையன் ப்ரையன்ட். போர்வை லிஸ்ட்ல அந்த ரெண்டு பேரும் இருக்கானு முதல்ல தேடணும்.