எழும்பி உழக்கத் தெரியாத யாழ்ப்பாணத்தான்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகியவனுக்கு ஏற்றம் என்றால் என்ன தெரியும்? ரயில் கடவையில் ஒரு திட்டு, கீரிமலைப் பக்கம் கொஞ்சம் சரிவு. அவ்வளவுதான். எங்கள் மலை காற்றுத்தான். சோழகம் வீசுகிற பின்னேரத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு உழக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. முழங்கையை மடித்து, ஹாண்டிலில் நெஞ்சு முட்டுகிற மாதிரிக் குனிந்துதான் போக வேண்டும். சீற்றை விட்டு எழும்பி உழக்கினால் தொலைந்தீர்கள், உடம்பே பாயாகிவிடும்.

பள்ளிக்கூட நாளில் இருந்து பழகின இந்தக் குனிதல்தான் மலையில் என் காலை வாரியது.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, மூலையில் கிடந்த லுமாலா சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். அதில் பிடித்த பைத்தியம். அடுத்த வருசம் பாவித்த கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, மூன்று பேராகக் கண்டிக்கு வெளிக்கிட்டோம். ஏ9 வீதி, 320 கிலோமீற்றர் சொச்சம். கிளிநொச்சி, வவுனியா எல்லாம் சமதரை, பாட்டுப் படித்துக்கொண்டு போனோம். மாத்தளை கழிந்து பலகடுவை ஏற்றம் தொடங்கியதும் பாட்டு நின்றது.

ஆகச் சிறிய கியரில் போட்டுக் குனிந்து உழக்கினேன். மூச்சு முட்டியது. சரி, எழும்பிப் பார்ப்போம் என்று அப்படியே எழும்பினேன். பெடல் வெறுமையாகச் சுற்றிக் கீழே போனது, முழங்கால் ஹாண்டிலில் மோதியது. சைக்கிள் ஒரு முழம் பின்னுக்கு வந்ததுபோல் ஆகி, பின்னால் வந்த நண்பனின் முன்சில்லு என் பின்சில்லில் உரசியது. அதற்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. இறங்கி உருட்டினேன், வேறென்ன செய்ய.

அப்போதுதான் கியரே இல்லாத சைக்கிளில் ஒரு பொடியன் எங்களைக் கடந்து போனான். சீற்றில் இருக்கவே இல்லை. சைக்கிள் அவனுக்குக் கீழே இடமும் வலமுமாக ஆடியது, தலை மட்டும் ஆடவில்லை. மேலே கடையடியில் தேத்தண்ணி குடிக்கையில் அவனைப் பிடித்துக் கேட்டேன். சிரித்துவிட்டு, “அண்ணே, நீங்க மிதிக்கிறீங்க. மிதிக்காதீங்க, ஏறி நில்லுங்க. படி ஏறுறப்ப படியை மிதிச்சு உடைப்பீங்களா?” என்றான்.

அந்தப் படிக் கதையில்தான் எல்லாம் இருந்தது. பெடலில் உடம்பின் பாரத்தை இறக்கினால் போதும், தொடைக்கு வேலை கொஞ்சம் குறையும். ஆனால் பாரம் இறங்க எதிர்ப்பு வேண்டும். அதனால் எழும்பு முன்னமே ஒன்றோ இரண்டோ கியர் கூட்டிப் போட வேண்டும். ஒரு பெடல் உச்சியைக் கழிந்து முன்னுக்கு வருகிற நேரம் பார்த்து எழும்பினால் சைக்கிள் பின்வாங்காது. இடுப்பு சீற்றின் நுனிக்கு நேரே நிற்க வேண்டும். ஹாண்டிலில் சாய்ந்தால் பின்சில்லில் பாரம் குறைந்து, ஈர வீதியில் வழுக்கும். நாடித்துடிப்பு கூடத்தான் செய்யும், எனவே முழு ஏற்றத்தையும் நின்றே ஏறுகிற யோசனை வேண்டாம். இருபது உழக்கு நின்று, பிறகு சீற்றில் இருந்து, முதுகு பிடித்தால் திரும்ப எழும்பலாம்.

ஊருக்கு வந்து எங்கே பழகுவது? காற்று முதுகில் இருக்கும்போது பண்ணைப் பாலத்தில் பெரிய கியரில் போட்டு எழும்பினேன். ஏற்றம் மாதிரியே இறுகியது. மீன் வாங்க வந்த ஒரு ஐயா, “தம்பி, சீற் உடைஞ்சு போச்சோ?” என்று கேட்டார்.

*

கோண்டாவிலில் இருந்து ஒரு அக்கா:

தம்பி, உங்களுக்குத் தெரியாது என்று சொல்லுங்கோ, யாழ்ப்பாணத்துக்குத் தெரியாது என்று சொல்லாதேங்கோ. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் அப்பாவின் ரலி சைக்கிள் மட்டும்தான். பாருக்குக் கீழால் காலை விட்டு, சீற்றைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடிப் பழகினேன். சீற் எட்டவே இரண்டு வருசம் போனது, அதுவரைக்கும் நின்ற நிலைதான். எட்டின பிறகுதான் மறந்தோம். ஒன்று மட்டும் எழுத விட்டுவிட்டீர்கள்: கரியரில் விறகோ ஆளோ இருந்தால் எழும்பக் கூடாது. நான் ஒருநாள் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு கடவைத் திட்டில் எழும்பினேன். பின்பாரம் ஆட்டிய ஆட்டில் இரண்டு பேரும் நாயுண்ணிப் பற்றைக்குள்.

*

இணுவிலில் இருந்து ஒருவர்:

முழங்கால் நோ உள்ளவர் எழும்பலாமா அண்ணை? எனக்கு வலது காலில் கொஞ்சம் பிரச்சினை.

*

முதலில் எழுதியவர்:

அக்கா, ஒப்புக்கொள்கிறேன், தலைப்பு பிழைதான். இணுவில் அண்ணை, நோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கோ. எனக்கு நொந்தது பெரிய கியரை மெதுவாக அழுத்தி உழக்கினபோதுதான், சின்னக் கியரில் இருந்தபடியே சுற்றினபோது நோகவில்லை. அந்தப் பொடியனிடம் முழங்காலைப் பற்றியும் கேட்டிருக்கலாம். தேத்தண்ணி முடிய அவன் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இறக்கம் என்றபடியால் அந்தப் பெட்டியோடு இருந்துதான் போனான்.